படத்தின் முதல் முத்திரை யாருடையது?

ஜெமினி படம் என்றால் அந்தக் காலத்தில் கொட்டகையில் ஒரு தனிப் பரபரப்பு. விளக்கு அணையும். முதலில் தணிக்கைச் சான்றிதழ் வரும். எத்தனை ரீல் என்பதைப் பின்வரிசையில் யாராவது உரக்கப் படிப்பார். அதைக் கேட்டு, படம் எத்தனை மணிக்கு விடும், கடைசி பஸ் கிடைக்குமா என்று மனக்கணக்குப் போடுவோர் பலர். அடுத்த நொடி, இரண்டு சிறுவர்கள் திரையில் எக்காளம் ஊதுவார்கள். கைதட்டலும் விசிலும் கூரையைப் பிளக்கும். ஏ.வி.எம். என்ற மூன்று எழுத்துகளும் அவற்றோடு வரும் இசையும், விஜயா கம்பெனியின் அனுமக் கொடியும் அப்படித்தான். படிக்கத் தெரியாதவர்கூட அந்தச் சின்னத்தைப் பார்த்தே, இது இன்னார் முதல் போட்ட படம், இதில் பாட்டு நன்றாக இருக்கும், கொடுத்த காசு வீண்போகாது என்று தெரிந்து கொள்வார்.

இன்னொரு முத்திரை உண்டு. அதற்குக் கைதட்டியவர் யாருமில்லை. தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகம் என்ற பெயரோடு, என்.எப்.டி.சி. என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தாங்கி வந்து, சில விநாடிகள் இருந்துவிட்டு மறைந்துபோகும் முத்திரை அது. அதற்கு முன்னால் அதே இடத்தில் வந்தது திரைப்பட நிதிக் கழகம் என்ற பெயர். ஞாயிற்றுக்கிழமை மதியம் தூர்தர்ஷன் தேசிய ஒளிபரப்பில் பிறமொழிப் படம் போடுவார்களே, நம்மில் பெரும்பாலோர் அந்த முத்திரையைப் பார்த்தது அப்போதுதான். சாப்பிட்ட தட்டை எடுத்து வைத்துக்கொண்டோ, துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டோ, பாதிக் கண்ணால் பார்த்திருப்போம். படம் எந்த மொழி என்பதில்தான் நமக்கு அக்கறை. மாதக் கணக்கில் காத்திருந்து ஒரு ஞாயிறு தமிழ்ப் படம் வந்துவிட்டால், மெஸ் அறையில் உட்கார இடம் கிடைக்காது.

அந்த முத்திரையைப் பற்றி இன்று எழுத வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. ஏ.வி.எம். முத்திரை ஏ.வி.எம். செட்டியார் குடும்பத்துடையது. ஜெமினி முத்திரை வாசனுடையது. நான்கெழுத்து முத்திரை யாருடையது? நம்முடையது. சம்பளத்தில் பிடிக்கப்படும் வருமான வரியிலிருந்தும், தீப்பெட்டியிலும் சோப்புக்கட்டியிலும் நாம் அறியாமலே கட்டும் வரியிலிருந்தும் போன பணத்துக்கு அது ரசீது. ரசீதைக் கிழித்துப் போட்டால் என்ன ஆகும் என்று கொல்கத்தாவில் குமாஸ்தா வேலை பார்க்கும் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இந்தக் கழகம் வந்த கதையைச் சற்றுப் பார்ப்போம். சுதந்திரம் வந்த புதிதில் நமது படத்தொழிலின் நிலையை ஆராய எஸ்.கே. பாட்டீல் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 1951 இல் அது அறிக்கை தந்தது. படத்தொழில் வட்டிக்காரர்கள் கையில் சிக்கியிருக்கிறது, நல்ல படம் எடுக்க நினைப்பவனுக்கு நியாயமான வட்டியில் கடன் தர ஒரு பொது நிறுவனம் வேண்டும் என்பது அதன் கருத்துகளில் ஒன்று. குழு சொன்னதும் நடந்துவிட்டதா என்றால் இல்லை. ஒன்பது வருஷம் போயிற்று. 1960 இல்தான் திரைப்பட நிதிக் கழகம் பிறந்தது. சர்க்கார் கோப்பு நகரும் வேகம் நமக்குத் தெரிந்ததுதானே!

ஆனால் அந்தக் கழகம் பிறப்பதற்கு முன்பே, இதே வங்காளத்தில், சர்க்கார் பணத்தில் ஒரு படம் வந்து உலகையே திரும்பிப் பார்க்க வைத்துவிட்டது. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'தான் அது. 1952 இல் தொடங்கிய படப்பிடிப்பு பணமில்லாமல் நின்று நின்று நடந்தது. இன்ஷூரன்ஸ் பாலிசி, மனைவியின் நகை என்று அடகு வைக்க இருந்ததெல்லாம் போயிற்று. கடைசியில் முதலமைச்சர் டாக்டர் பி.சி. ராயின் மேற்கு வங்க அரசு கைகொடுத்தது. அரசுக் கணக்கில் சினிமாவுக்கு என்று ஒரு தலைப்பு அப்போது ஏது? படத்தின் பெயரோ பாதையின் பாட்டு. எனவே கணக்கேட்டில் அந்தக் கடன் சாலை அபிவிருத்தி என்று பதிவாயிற்று! ரைட்டர்ஸ் பில்டிங்கில் எந்தத் தலைமைக் குமாஸ்தாவின் மூளையில் உதித்த யோசனையோ, அவர் பெயர் தெரிந்தால் ஒரு மாலை போடலாம். 1955 ஆம் வருஷம் மே மாதம் நியூயார்க்கில் முதலில் காட்டி, ஆகஸ்டில் கல்கத்தாவில் வெளியான அந்தப் படத்தில் சர்க்காருக்கு லாபமே வந்தது. போட்ட சாலை வீண்போகவில்லை.

படத்துக்கு முதல் போட்டவரின் பெயர் முதலில் வரவேண்டும் என்ற மரபும் இந்த ஊருக்குப் புதிதன்று. டாலிகஞ்சில் பி.என். சர்க்கார் 1931 இல் தொடங்கிய நியூ தியேட்டர்ஸுக்கு யானைச் சின்னம். வட இந்தியா முழுவதும் யானை மார்க்குப் படம் என்றே ஜனங்கள் அடையாளம் சொன்னார்கள். நம்மவர்களுக்கும் அந்தக் காலத்துக் கல்கத்தாவுக்கும் படத்தொழிலில் நெருங்கிய உறவு உண்டு என்பதை இளைய தலைமுறை மறந்துவிட்டது. சென்னையில் ஒழுங்கான பேசும்பட ஸ்டூடியோ இல்லாத நாளில், கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் இங்குள்ள பயனியர் கம்பெனியோடு சேர்ந்துதான் 1933 இல் 'வள்ளி திருமணம்' எடுத்தார். டி.பி. ராஜலட்சுமி வள்ளியாக நடித்தார். 1937 இல் வந்த பாகவதரின் 'அம்பிகாபதி'யும் இந்த ஊர் ஈஸ்ட் இந்தியா ஸ்டூடியோவில் உருவானதுதான். சென்னையிலிருந்து ஹௌரா மெயிலில் வந்து இறங்கி, மாதக் கணக்கில் தங்கி, கடுகெண்ணெய்ச் சமையலைச் சபித்துக்கொண்டு நடித்துவிட்டுப் போயிருப்பார்கள். நமக்கு முன்னோடிகள்!

நிதிக் கழகத்துக்கு வருவோம். முதல் சில வருஷங்கள் அது பெயர்பெற்றவர்களுக்கே கடன் கொடுத்துக் கொண்டிருந்தது. 1960களின் கடைசியில்தான் புதியவர்கள், வித்தியாசமாகச் செய்ய நினைத்தவர்கள் பக்கம் திரும்பியது. அப்படிக் கிடைத்த ஒரு சிறு கடனில் மிருணாள் சென் 1969 இல் எடுத்த படம் 'புவன் ஷோம்'. இந்திப் படம்தான், எடுத்தவரும் மூலக்கதை எழுதிய பனபூலும் வங்காளிகள். இந்தப் படத்தை நம் வாசகர்கள், முக்கியமாக ரயில்வே ஊழியர்கள், அவசியம் பார்க்க வேண்டும் என்பேன். உத்பல் தத் ஒரு ரயில்வே அதிகாரி. மனைவியை இழந்தவர். சட்டம் என்றால் சட்டம், விதி என்றால் விதி. பெற்ற பிள்ளையையே வேலையிலிருந்து நீக்கியவர் என்று பெயர். அப்படிப்பட்ட மனிதர் லீவு போட்டுவிட்டுப் பறவை வேட்டைக்கு சௌராஷ்டிரப் பக்கம் போகிறார். அங்கே ஒரு கிராமத்துப் பெண்ணைச் சந்திக்கிறார். லஞ்சம் வாங்கினான் என்று அவர் நடவடிக்கை எடுக்கவிருக்கும் டிக்கெட் கலெக்டருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் அவள் என்று பிறகு தெரிகிறது. அந்தப் பெண்ணின் வெள்ளை மனசு அதிகாரியின் இரும்பை உருக்கிவிடுகிறது. கடைசியில் அவனை மன்னித்து, இன்னும் நல்ல வரும்படி உள்ள பெரிய ஸ்டேஷனுக்கே மாற்றிவிடுகிறார். நமது ஆபீஸ்களில் இப்படிப்பட்ட மேலதிகாரியைக் கண்டவர் உண்டா? கண்டவர்கள் எழுதலாம்.

அந்தப் படத்தில் இன்னொரு விசேஷம். அதிகாரியின் ஆபீஸ் வாழ்க்கையைக் காட்ட, ஓரிடத்தில் கோடுகளால் வரைந்த சித்திரங்கள் அசைந்து வரும். ராம் மோகன் செய்தது அது. மேல்நாட்டிலிருந்து வரும் எலி, வாத்துச் சித்திரப் படங்களையே பார்த்துப் பழகிய நமக்கு, கோப்பும் பேனாவும் நாற்காலியும் சித்திரமாகத் துள்ளுவது புதுமை. பின்னணியில் கதை சொல்லும் குரல் யாருடையது தெரியுமா? அப்போது யாருக்கும் தெரியாதிருந்த அமிதாப் பச்சன்!

1975 இல் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகம் உருவாகி, 1980 இல் பழைய நிதிக் கழகமும் திரைப்பட ஏற்றுமதிக் கழகமும் அதோடு சேர்ந்தன. அதன் பிறகு அந்த நான்கெழுத்து முத்திரையைச் சுமந்து வந்த படங்களை எண்ணிப் பார்த்தால் வியப்பு வரும். 1982 இன் 'காந்தி'யில் நம் கழகத்தின் முதலும் இருந்தது. 1983 இல் குந்தன் ஷாவின் 'ஜானே பி தோ யாரோ' வந்தது. காண்டிராக்டர்களும் முனிசிபல் அதிகாரிகளும் சேர்ந்து அடிக்கும் கொள்ளையை விழுந்து விழுந்து சிரிக்க வைத்துச் சொன்ன படம். சர்க்கார் பணத்திலேயே சர்க்கார் ஊழலைக் கிண்டல் செய்ய முடிந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்! ராய் 1984 இல் தந்த 'கரே பாய்ரே'யும், 1989 இன் 'கணசத்ரு'வும், 1991 இன் 'ஆகந்துக்'கும் கழகத்தின் தயாரிப்புகள். 'கரே பாய்ரே' எடுக்கும்போது ராய்க்கு மாரடைப்பு வந்து, மீதி வேலையை மகன் சந்தீப் உதவியோடு முடிக்க வேண்டியதாயிற்று. 'ஆகந்துக்'தான் அவரது கடைசிப் படம். படுக்கையில் கிடந்த கலைஞனிடம் வட்டிக்கடைக்காரன் போவானா? கழகம் கூடவே இருந்தது.

தமிழுக்கும் பங்கு உண்டு. இந்திரா பார்த்தசாரதியின் 'உச்சி வெயில்' கதையை வைத்து கே.எஸ். சேதுமாதவன் இயக்கிய 'மறுபக்கம்' கழகத்தின் படம். 1990 ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில், இந்தியாவின் சிறந்த கதைப்படத்துக்கான தங்கத் தாமரையை முதன்முதலில் தமிழுக்கு வாங்கித் தந்தது அந்தப் படம்தான். தமிழ் பேசும்படம் பிறந்து ஏறக்குறைய அறுபது வருஷம் கழித்துக் கிடைத்த பெருமை! கோடி கோடியாய்க் கொட்டிய படாதிபதிகள் வாங்கித் தராததை நமது வரிப்பணம் வாங்கித் தந்தது. ஜெயகாந்தனின் 'ஊருக்கு நூறு பேர்' கதையை எடிட்டர் பி. லெனின் படமாக்கி, 2001 ஆம் ஆண்டின் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றார். அதுவும் கழகத்தின் பணம். தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அதிகாலை பஸ்ஸில் ஏற்றப்படும் குழந்தைகளின் கதையை எழுத்தாளர் பூமணி 'கருவேலம் பூக்கள்' என்று எடுத்தாரே, அதுவும் அப்படியே. அந்தக் கரிசல் மண்ணிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைப் பருவத்தின் கதை அது. அவர்களில் எத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள்?

இங்கே ஒரு உண்மையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கழகத்தின் கணக்கு முழுதும் தங்கமன்று. கொடுத்த கடனில் பல திரும்பவில்லை. எடுத்த படங்களில் பல கொட்டகையையே காணாமல் டப்பாவில் தூங்கின. 1976 இல் நாடாளுமன்றத்தின் பொதுத்துறை நிறுவனக் குழு நிதிக் கழகத்தைக் கண்டித்தது. வசூலாகாத கலைப்படங்களுக்குப் பணம் போகிறது என்பது அதன் புகார். அந்தப் புகாரை முழுதும் தள்ளிவிட முடியாது. பம்பாயிலும் டெல்லியிலும் நாலு பேர் பார்த்து, நாலு பேர் பாராட்டி, வெளிநாட்டு விழாவுக்குப் போய்வந்த பிறகு பூட்டி வைத்த படத்தால், டிராமில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகிறவனுக்கு என்ன பயன் என்று கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் குற்றம் படத்தை எடுத்ததில் இல்லை. எடுத்ததை ஜனங்களிடம் கொண்டு சேர்க்காததில் இருக்கிறது. சாலை போட்டுவிட்டு இரண்டு பக்கமும் கதவு போட்டுப் பூட்டினால், சாலை போட்டது தப்பா, கதவு போட்டது தப்பா?

இனி இன்றைய நிலைமை. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவின்படி, 2022 மார்ச் மாதக் கடைசியில் நான்கு அமைப்புகள் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தில் இணைக்கப்பட்டன. ஒன்று 1948 முதல் இருந்த பிலிம்ஸ் டிவிஷன். மெயின் படத்துக்கு முன்னால் கொட்டகைக்காரர் கட்டாயம் போட வேண்டியிருந்த நியூஸ் ரீலை யார் மறப்பார்கள்? வெள்ளம், அணைக்கட்டு, மந்திரி கத்தரிக்கோலால் நாடா வெட்டுவது என்று ஓடும். சோடா விற்கிற பையனுக்கு அதுதான் வியாபார நேரம். அதோடு 1955 இல் தொடங்கிய குழந்தைகள் திரைப்படச் சங்கம், 1964 இல் புனாவில் அமைந்த தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம், 1973 இல் அமைந்த திரைப்பட விழாக்கள் இயக்ககம் ஆகியவையும் இப்போது கழகத்தின் பிரிவுகள். தனித்தனிக் குடித்தனமாக இருந்தவர்கள் ஒரே கூட்டுக் குடும்பமாகிவிட்டார்கள். அது நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கு இப்போது போகவில்லை.

அதே 2022 ஆம் வருஷம் மே மாதம் மத்திய அரசு ஒரு பெரிய திட்டத்தை அறிவித்தது. தேசிய திரைப்படப் பாரம்பரிய இயக்கத்தின் கீழ் 363 கோடி ரூபாய் செலவில் சுமார் 2,200 படங்களைப் புதுப்பிப்பது என்பது திட்டம். கீறல் விழுந்து, நிறம் வெளுத்து, காடி நாற்றம் அடிக்கும் சுருள்களை ஒவ்வொரு சட்டமாகச் சுத்தம் செய்து மறுபடி உயிர்ப்பிக்கும் வேலை. ராயின் 'பிரதித்வந்தி' அப்படிப் புதுப்பிக்கப்பட்டு அந்த வருஷம் கான் விழாவிலே காட்டப்பட்டது. இதைப் போற்றாமல் இருக்க முடியாது. சுருள்களின் அருமை ராய் விஷயத்தில் நமக்குத் தெரிந்ததே. 'பதேர் பாஞ்சாலி'யின் மூல நெகட்டிவ் 1993 இல் லண்டன் லேப் ஒன்றில் தீயில் கருகியது. இத்தாலியில் எவ்வளவு பாடுபட்டு அதை மீட்டார்கள்!

எனது கவலை சின்னது. இந்தப் புதுப்பிப்பில் படத்தின் முதல் சில விநாடிகள் என்ன ஆகும்? தனியார் டெலிவிஷனில் படம் போடும்போது முதல் அட்டைகளை வெட்டிவிட்டு நேராகக் கதைக்குப் போவதை நாம் தினமும் பார்க்கிறோம். செல்போனில் படம் பார்க்கிற பிள்ளைகள், முன்பகுதியைத் தாண்டிச் செல்ல ஒரு பொத்தான் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தட்டுகிறார்கள். அதெல்லாம் வியாபாரிகள் செய்வது. சர்க்கார் அமைப்பே செய்யலாமா? நான்கு அமைப்புகள் ஒன்றான பின், எல்லாம் ஒரே வீட்டுப் படம்தானே என்று பழைய முத்திரையை எடுத்துவிட்டு, பளபளக்கும் புதிய முத்திரையை எல்லாவற்றின் தலையிலும் ஒட்டிவிடும் ஆசை அதிகாரிகளுக்கு வருவது இயற்கை. அந்த ஆசைக்கு இப்போதே அணை போட வேண்டும்.

குமாஸ்தா பாஷையில் சொன்னால் விஷயம் சட்டென்று விளங்கும். 1969 ஆம் வருஷத்துக் கோப்பு ஒன்று உங்கள் மேஜைக்கு வருகிறது. அதில் அன்றைய ஆபீஸின் ரப்பர் ஸ்டாம்பு மங்கிப்போயிருக்கிறது. ஆபீஸின் பெயர் பின்னால் மாறிவிட்டது. மங்கிய ஸ்டாம்பைச் சுரண்டிவிட்டு இன்றைய ஸ்டாம்பைப் புதிதாகக் குத்துவீர்களா? குத்தினால் ஆடிட்காரர் சும்மா விடுவாரா? மெமோ வரும், விளக்கம் கேட்பார்கள், இன்கிரிமென்ட் போகும். காகிதத்துக்கு இருக்கிற இந்த மரியாதை படச்சுருளுக்கு வேண்டாமா? 'புவன் ஷோம்' எடுத்தபோது இப்போதைய கழகமே இல்லை. அந்தப் படத்தின் முன்னால் நிதிக் கழகத்தின் பெயர்தான் நிற்க வேண்டும். பிலிம்ஸ் டிவிஷன் எடுத்ததில் பிலிம்ஸ் டிவிஷனின் சின்னமும், குழந்தைகள் சங்கம் எடுத்ததில் அதன் சின்னமும்தான் வரவேண்டும். புதுப்பித்தவர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும். அது நியாயமான பெருமைதான். தனி அட்டையில், புதுப்பித்த வருஷத்தோடு, பழைய முத்திரைக்கு முன்னால் போடட்டும். அதன் பிறகு பழைய முத்திரை அது அசைந்த விதத்திலேயே, அதன் பழைய சத்தத்தோடேயே வரட்டும். அசைவதும் ஒலிப்பதும் சேர்ந்துதான் திரை முத்திரை. எக்காளச் சத்தத்தை எடுத்துவிட்டு ஜெமினி சிறுவர்களை மட்டும் காட்டினால் அது முத்திரையா, ஊமைப் பொம்மையா?

சில விநாடிச் சின்னத்துக்கு இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு ராயையே சாட்சிக்கு அழைக்கலாம். படம் எடுக்க வருமுன் அவர் டி.ஜே. கீமர் என்ற விளம்பரக் கம்பெனியில் ஓவியர். எழுத்தின் வளைவும் சின்னத்தின் கோடும் அவருக்குச் சோறு போட்டவை. தன் படங்களின் போஸ்டரையும் தலைப்பு எழுத்துகளையும் தாமே வரைந்தார். அவர் வடிவமைத்த ஆங்கில அச்செழுத்துக்கு 1971 இல் சர்வதேசப் பரிசே கிடைத்தது. சாகித்திய அகாதெமியின் சின்னம் அவர் வரைந்தது. விருது பெற்ற தமிழ் நாவலை வாங்கினால் அட்டையில் அதைக் காணலாம். ரவீந்திர சதனுக்குப் பக்கத்தில் 1985 செப்டம்பர் 2 ஆம் தேதி அவரே திறந்து வைத்த 'நந்தன்' அரசுத் திரைப்பட மையத்தின் சின்னமும் அவர் கைவண்ணம்தான். இத்தனை பெரிய இயக்குநர் ஒரு கட்டடத்தின் சின்னத்துக்காகத் தூரிகை பிடித்து உட்கார்ந்தார் என்றால், அது சில்லறை விஷயமாக இருக்க முடியாது.

தூர்தர்ஷன் சின்னத்தைப் பாருங்கள். இரண்டு வளைவுகள் சுழன்று வந்து கண்போலக் கூடும் அந்தக் காட்சி, பின்னணியில் வரும் ஷெனாய் ஓலம், இரண்டும் ஒரு தலைமுறையின் நினைவில் உறைந்திருக்கின்றன. அதை வரைந்தவர் தேவாசிஷ் பட்டாச்சார்யா. ஆமதாபாத் தேசிய வடிவமைப்புக் கல்வி நிலையத்தில் மாணவராக இருந்தபோது செய்தது. அதை அசைய வைத்தவர் அதே நிலையத்தின் ஆர்.எல். மிஸ்திரி. இசை அமைத்ததில் இந்த ஊர் ஷெனாய் வித்வான் உஸ்தாத் அலி அகமது உசேன் கானுக்கும் பண்டித ரவிசங்கருக்கும் பங்கு உண்டு. இவர்கள் பெயரெல்லாம் வெளியே வந்ததால்தான், தெருவில் போகிற வங்காளிகூட இன்று அது நம்ம பையன் போட்ட கோடு என்று பெருமை பேச முடிகிறது. திரைப்படக் கழகங்களின் சின்னங்களையும் யாரோ சிலர் மேஜையில் குனிந்து, ஒரு விநாடிக்கு 24 சட்டம் என்ற கணக்கில் கோடு கோடாக அசைய வைத்திருப்பார்கள். படத்தில் விளக்குப் பிடித்தவருக்கும் டீ வாங்கி வந்தவருக்கும் பெயர் போடுகிறார்கள். முத்திரை செய்தவருக்குப் பெயர் போடும் வழக்கம் மட்டும் எங்குமே இல்லை. சம்பளப் பட்டியலிலும் வவுச்சரிலும் அவர்கள் பெயர் இருக்கும். புனாக் காப்பகம் இப்போது கழகத்தின் கையிலேயே இருக்கிறது. அந்தச் சின்னங்களை மட்டும் தனியே ஒரு சுருளாகத் தொகுத்து, வருஷத்தையும் செய்தவர் பெயரையும் எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்? 363 கோடியில் அது ஒரு கப் டீக்காசு.

இதோடு இன்னொரு கோரிக்கையையும் சேர்த்தே வைக்கிறேன். முத்திரை நம்முடையது என்றால் படமும் நம்முடையதுதான். கொல்கத்தாவில் தமிழ்ப் படம் என்றால் ரஜினி படமோ விஜய் படமோ வந்து ஒரு வாரம் ஓடும். ஒரு காலத்தில் ஞாயிறு காலைக் காட்சிக்குக் காத்துக்கிடந்தோம், இப்போது அந்த அலைச்சல் இல்லை. அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் போகிறவன்தான். ஆனால் 'மறுபக்கம்' இந்த ஊர்த் திரையில் எப்போது வரும்? 'கருவேலம் பூக்கள்' எப்போது வரும்? இங்கே 'நந்தன்' இருக்கிறது. தமிழ்ச் சங்கமும் இருக்கிறது. கேட்டால் நாற்காலி எடுத்துப் போடவும், வாசலில் டிக்கெட் கிழிக்கவும் நம் இளைஞர்கள் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலை ஒட்டியோ, துர்கா பூஜை லீவிலோ, கழகம் எடுத்த தமிழ்ப் படங்களை வங்காளி எழுத்து வரிகளோடும், இங்கே எடுத்த வங்காளிப் படங்களைத் தமிழ் எழுத்து வரிகளோடும் காட்டலாமே. பக்கத்து வீட்டு வங்காளிக்கு நம்மைத் தெரிய அதைவிட நல்ல வழி ஏது? 'கணசத்ரு'வில் ஊர்க்கோவில் தீர்த்தம் கெட்டுப்போனதைச் சொன்ன டாக்டரை ஊரே எதிர்த்து நிற்கிறதே, அது திருநெல்வேலிக்காரனுக்குப் புரியாத கதையா?

தமிழ்ச் சங்கத்தார் இந்த இரண்டையும் ஒரே மனுவாக எழுதி, பம்பாய்த் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மனு எழுதுவதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை என்பது கிளைவ் தெருவில் ஸ்டெனோகிராபர்கள் நிறைந்திருந்த காலத்திலிருந்தே பெயர்பெற்ற விஷயம். கையெழுத்துப் போட வருகிறவர்கள் ஞாயிறு மாலை லேக் மார்க்கெட் பக்கம் காய்கறி வாங்க வரும்போது அப்படியே ஒரு எட்டு வந்து போட்டுவிட்டுப் போகலாம்.